கடையா, டியூஷனா, கேட்டரிங்கா: அக்கா மகனுக்குச் சொன்ன கணக்கு

போன வாரம் அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, டவுன்ல ஒரு ஜவுளிக்கடைக்குச் சாயங்கால வேலைக்கு ஆள் எடுக்காங்களாம். போவட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அக்கா குரல்: "படிக்கப் போற பிள்ளைக்கு என்னத்துக்கு வேலை? நீயாவது சொல்லு அவனுக்கு." அத்தான் ஒன்றும் பேசவில்லை. கொத்தனார் வேலை பார்ப்பவர். போன வருடம் சாரத்திலிருந்து விழுந்த பிறகு வாரத்தில் மூன்று நாள்தான் வேலைக்குப் போகிறார். அவர் பேசாமல் இருந்ததிலேயே வீட்டு நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது.

பையன் திருநெல்வேலி பாளையங்கோட்டையில் பி.எஸ்.சி. இயற்பியல் முதல் வருடம் சேர்ந்திருக்கிறான். வீடு சேரன்மகாதேவி. பஸ்ஸில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லும் கேள்வியில்லை இது. எந்த வேலை, எந்த மாதம், "இந்த வாரம் வர முடியாது" என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள், இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். "நாளைக்குச் சொல்லுதேன்" என்று போனை வைத்தேன். ஒரு நாள் கழித்துச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு வேறு வீடுகளும் இருக்கும்.

முதலில் என் கதை. இரண்டாம் வருடம் படிக்கும்போது நானும் ஒரு ஜவுளிக்கடையில் நின்றவன். 'நின்றவன்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குப் போனால் ஒன்பதரை வரை உட்கார ஸ்டூல் கிடையாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ரேக்கில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் தொண்டையைக் கனைப்பார். ஒரு குடும்பம் வந்து முப்பது சேலை விரித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வாறோம்" என்று கிளம்பும். அந்த முப்பதையும் அட்டை வைத்து, பழைய மடிப்பு பிசகாமல் மடித்து அடுக்கினால்தான் வீட்டுக்குப் போகலாம். கடைசி பஸ்ஸில் செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வார் பதிந்த தடம் இருக்கும். (கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. இப்போது சில கடைகளில் ஸ்டூலைப் பார்க்கிறேன். அதில் ஆள் உட்கார்ந்து பார்த்ததுதான் குறைவு.)

கடை வேலையில் முதலில் அடிபட்டது என் படிப்பு இல்லை, ரெக்கார்டு நோட்டு. படிப்பைக் கடைசி நேரத்தில் ராத்திரி கண் முழித்துச் சமாளித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். ரெக்கார்டு நோட்டை அப்படிச் சமாளிக்க முடியாது. வாராவாரம் வரைந்து, கணக்கிட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். நான்கு வாரம் தள்ளிப் போனதும் லேப் வாத்தியாரைப் பார்க்கவே கூச்சம் வந்துவிட்டது. கூச்சத்தில் லேபுக்குப் போகாமல் இருந்தேன், அதனால் அட்டெண்டன்ஸ் விழுந்தது. அந்தப் பருவத்தில் துணைப்பாடக் கணிதம் அரியர். தீபாவளிக்குக் கடை கொடுத்த போனஸில் ஒரு பகுதி அரியர் ஃபீஸுக்குப் போனது.

அதற்கு முழுக்கக் கடையைக் குறை சொல்ல மாட்டேன். நான் காலண்டரைப் பார்க்கவில்லை.

நம் ஊர்ப் பக்கம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பருவம் உண்டு, நெல்லுக்குக் கார், பிசானம் என்று போகம் இருப்பது மாதிரி. கல்லூரிக்கும் உண்டு: ஜூன், ஜூலையில் திறக்கும், நவம்பரில் செமஸ்டர் தேர்வு, டிசம்பரில் அடுத்த பருவம் தொடங்கும், ஏப்ரல் வாக்கில் மறுபடியும் தேர்வு. இந்த இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜவுளிக்கடைதான் எல்லாவற்றிலும் மோசமாக மோதும். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். அதற்கு முந்தைய மூன்று வாரம் கடையில் லீவு என்ற பேச்சே கிடையாது. இரண்டாவது இன்டர்னல் (கல்லூரியே நடத்தும் தேர்வு) வருவதும் அப்போதுதான், மாடல் தேர்வும் அப்போதுதான். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் 100க்கு 25 மதிப்பெண் இன்டர்னலுக்கு, 75 செமஸ்டர் தேர்வுக்கு. அந்த 25ஐக் கடைத்தெரு சாப்பிட்டுவிட்டால் மீதி 75இல் எழுந்து நிற்பது பெரும்பாடு.

மணிக்கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஐந்து முதல் ஒன்பதரை வரை நாலரை மணி. ஆறு நாளுக்கு 27. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் ராத்திரி வரை பதினொன்றரை. ஆக மொத்தம் வாரத்துக்கு 38 மணிக்கு மேல். 'சாயங்கால வேலை' என்று பெயர்தானே ஒழிய இது கிட்டத்தட்ட முழுநேர வேலை. வெளிநாட்டில் நம் பிள்ளைகள் மாணவர் விசாவில் போனால் என்ன விதி? பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணிதான் வேலை பார்க்கலாம். அமெரிக்காவில் வளாகத்துக்குள் 20 மணி. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48. கனடாவில் 2024 நவம்பரிலிருந்து வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24. அந்த நாடுகளுக்குச் சொந்தக் காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் முழுநேர மாணவன் என்றால் எண்ணிக்கை இருபதை ஒட்டித்தான் நிற்கிறது. டவுன் ஜவுளிக்கடை அதைப்போல இரண்டு மடங்கு கேட்கிறது.

"வேலை பார்த்துக்கிட்டே நல்ல மார்க் வாங்குற பசங்க இருக்காங்களே மாமா" என்றான் மருமகன். இருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு கண்கட்டு இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி என்று ஒன்று. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, பதிலுக்கு எல்லா மாணவரும் கல்லூரியிலேயே வேலை பார்த்தாக வேண்டும். அந்த மாணவர்களை வைத்து ஸ்டைன்பிரிக்னர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் 2003இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மேலோட்டமாக ஒப்பிட்டால் கூடுதல் நேரம் வேலை பார்ப்பவனுக்கு மதிப்பெண் குறைவதாகவே தெரியவில்லை. காரணம் எளிது: ஏற்கெனவே சுறுசுறுப்பானவன்தான் கூடுதல் நேரம் வேலைக்குப் போகிறான். அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், வாரத்துக்கு ஒரு மணி நேரம் வேலை கூடினால் 4 புள்ளி அளவுகோலில் கிரேடு சராசரி சுமார் 0.16 குறைந்தது. ஒரு மணி நேரத்துக்கே அவ்வளவு. அது வேறு நாடு, வேறு கல்லூரி. அந்த எண்ணை அப்படியே தூக்கிப் பாளையங்கோட்டையில் பொருத்த முடியாது. ஆனால் வேலை பார்த்தும் முதல் வகுப்பில் தேறிய எதிர்வீட்டு அண்ணனைக் காட்டி ஒரு முடிவெடுக்கக் கூடாது என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

சரி, அடுத்தது பைக்கில் சாப்பாடு டெலிவரி. பையனிடம் லைசென்ஸ் இருக்கிறது, அத்தானின் பழைய பைக் இருக்கிறது. இதன் கவர்ச்சி, மேலே சூப்பர்வைசர் இல்லை. ஆப்பை அணைத்தால் வேலை முடிந்தது. காகிதத்தில் பார்த்தால் மாணவனுக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது. ஆனால் ஆர்டர் குவிவது ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை, சனி ஞாயிறு, மழை நாள். படிக்கிற பிள்ளைக்கு அதுதான் படிக்கிற நேரம். இன்னும் மூன்று ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை என்று திரையில் வரும்போது ஆப்பை அணைக்கிற மனசு பத்தொன்பது வயதில் எத்தனை பேருக்கு இருக்கும்? பெட்ரோல், டயர், ஆயில் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் கூலியைப் பார்க்க வேண்டும். வண்ணாரப்பேட்டைக்கும் பெருமாள்புரத்துக்கும் இடையே மழையில் ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஒருமுறை சறுக்கி விழுந்து கை ஒடிந்தால் அந்தப் பருவமே போச்சு. ஏற்கெனவே விழுந்த ஒருவர் இருக்கும் வீடு அது. நான் இதை உடனே தள்ளிவிட்டேன், அவனும் மறுத்துப் பேசவில்லை.

கேட்டரிங் வேறு சாதி. நம் பக்கம் முகூர்த்த நாளில் மண்டபத்துக்குப் போனால் ஒரே நிற டீசர்ட்டில் சாம்பார் வாளியோடு ஓடுகிற பையன்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள்தான். விடியற்காலை நாலரைக்கு வேன் வரும். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைப்பதில் தொடங்கி நான்கு பந்தி முடிய பதினொன்று ஆகிவிடும். கையில் அன்றைக்கே பணம், வயிற்றுக்கு நல்ல சாப்பாடு. மறுவீட்டுக்குச் சொதிச் சாப்பாடு பரிமாறக் கூப்பிட்டால் அது தனிக் கொண்டாட்டம். முக்கியமான விஷயம், ஒவ்வொரு நாளும் தனி ஒப்பந்தம். "இந்த வாரம் பரீட்சை, வரல அண்ணே" என்றால் யாரும் கோபிப்பதில்லை, வேறு பையனுக்குப் போன் போய்விடும். படித்துக்கொண்டே பார்க்கிற வேலையில் நான் முதலில் தேடுவது இந்தச் சுதந்திரத்தைத்தான். சம்பளம் அதற்கு அடுத்துதான்.

காலண்டரிலும் இது ஜவுளிக்கடை அளவுக்கு மோதாது. ஆடியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை, மார்கழியில் இல்லை. மோதுகிற இடம் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் (நவம்பர் தேர்வு), அப்புறம் சித்திரை. அந்த மாதங்களில் போகாமல் இருந்துவிட்டால் போதும். ஆனால் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதே. புதன், வியாழன், வெள்ளி என்று வேலை நாளிலும் வரும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்தால், 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டுமென்றால் 22 நாள்தான் கையில் இருக்கும். காய்ச்சல், ஊர்க் கோயில் கொடை, ஆனித் தேரோட்டம், சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் அந்த 22க்குள்தான். மாதம் மூன்று வேலை நாள் கேட்டரிங்குக்குப் போனால் ஐந்து மாதத்தில் 15 காலி. அதனால் ஞாயிறு முகூர்த்தம் மட்டும் என்று கோடு போட்டுக்கொள்ள வேண்டும். முந்தின ராத்திரி ரிசப்ஷனுக்கும் நின்று, விடியற்காலையும் நின்றுவிட்டுத் திங்கட்கிழமை முதல் வகுப்பில் உட்கார்ந்தால் வாத்தியார் சொல்வது காதில் விழும், மண்டையில் ஏறாது. அந்த வயதுக்கு ராத்திரிக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேலியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். படித்தது மனதில் தங்குவதே தூக்கத்தில்தான்.

அடுத்து டியூஷன். இதில் கிடைக்கும் காசு கடையைவிடக் குறைவாக இருக்கலாம். ஊருக்குள்ளேயே இரண்டு வீடு, ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், இரண்டுக்கும் சேர்த்து ஞாயிறு தவிரத் தினம் ஒன்றரை மணி நேரம். வாரத்துக்கு ஒன்பது மணிதான் ஆகிறது. பஸ் செலவு இல்லை. இயற்பியல் படிக்கிறவன் பத்தாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தால் அவனுடைய அடிப்படையும் உறுதியாகும். ஒளிவிலகலை ஒரு பிள்ளைக்குப் புரிய வைக்க மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தவன் லேபில் முப்பட்டகத்தை வைத்துவிட்டு முழிக்க மாட்டான். (பி.காம். படிக்கிறவன் அறிவியல் டியூஷன் எடுத்தால் இந்தக் கூடுதல் லாபம் கிடையாது, காசு மட்டும்தான்.)

பள்ளிக்கூடக் காலண்டரைப் பாருங்கள். காலாண்டு செப்டம்பரில், அரையாண்டு டிசம்பரில், பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில். கல்லூரித் தேர்வு வரும் நவம்பர், பள்ளிப் பிள்ளைக்குக் காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில் இருக்கும் அமைதியான மாதம். "பத்து நாளைக்கு வரலைக்கா, எனக்குப் பரீட்சை" என்றால் எந்த அம்மாவும் புரிந்துகொள்வாள், அவளும் பிள்ளையைப் படிக்க வைப்பவள்தானே. மார்ச் மாதம் மட்டும் நெருக்கும். அப்புறம் கல்லூரித் தேர்வு நடக்கும்போது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சை முடிந்திருக்கும். இவ்வளவு தூரம் இடிக்காமல் போகிற வேலை நம் ஊரில் வேறு எனக்குத் தெரியவில்லை. குறை என்னவென்றால், மே மாதம் வருமானம் இருக்காது. பீஸ் கேட்கக் கூச்சப்படுகிற பையன்களுக்கு மற்ற மாதங்களிலும் பாதிதான் வரும்.

வேலை என்ற பெயரே இல்லாமல் வேலை பார்க்கிற பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கூடல் பக்கம், ஆலங்குளம் பக்கம், மேலப்பாளையத்தில் எத்தனையோ வீடுகளில் கல்லூரிவிட்டு வந்ததும் மடியில் பீடி சுற்றும் சுளகு ஏறிவிடும். என் சித்தி மகள் அப்படித்தான் மூன்று வருடம் படித்தாள். சுளகின் ஓரத்தில் நோட்டைச் சாய்த்து வைத்திருப்பாள். இலை, தூள், சுருட்டு, நூல் என்று கை தானாக ஓடும். கண் நோட்டில் இருக்கும். இருபத்தைந்து சேர்ந்ததும் கட்டு கட்டக் கண்ணை எடுப்பாள், திரும்ப நோட்டுக்கு வந்தால் படித்த வரியைத் தேடுவாள். "எல்லாம் மனப்பாடம் ஆயிடும் அண்ணே, புரியத்தான் செய்யாது" என்று சிரிப்பாள். வீட்டில் இருந்தபடி வேலை, ராத்திரி வெளியே போக வேண்டாம் என்பதால் பெற்றோருக்கு நிம்மதி. ஆனால் வேலை எப்போது முடிகிறது என்பதே தெரியாது. கடைக்குப் போகிறவனுக்காவது ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும். இந்தப் பிள்ளைகள் வீட்டிலிருந்து நகர்ந்து படிக்க ஒரு இடம், கல்லூரி நூலகத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது, வேண்டும். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து கட்டணம் இல்லை, அதனால் அடுத்த பஸ்ஸில் வருவதற்குக் காசு ஒரு தடையில்லை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் தரும் கல்வி உதவித்தொகை ஒன்று இருக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவின் பீடி அட்டை வீட்டில் இருந்தும் அதற்கு விண்ணப்பிக்காமல் விட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, வேலைக்கே போகாமல் இருப்பது. அக்காவின் கட்சி. இதில் டென்ஷன் இருக்காது என்று அக்கா நினைக்கிறாள். இருக்கும். பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அப்பாவிடம் கை நீட்டும்போது அவர் சட்டைப் பையைத் தடவுவதைப் பார்க்கிற பிள்ளைக்குப் புத்தகத்தில் மனசு ஓடாது. பணம் இல்லாத கவலையும் நேரம் இல்லாத கவலையும் வேறு வேறு. முதல் கவலையை ஒழிக்க இரண்டாவதை விலைக்கு வாங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே வேலைக்கு முன்னால் கிடைக்க வேண்டியதை வாங்கிவிட வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பையன் இவன். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இவனுக்கு உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. மாதம் ஆயிரத்தில் குடும்பம் நடக்காது, ஆனால் பஸ்ஸும் ஜெராக்ஸும் நடக்கும். வங்கிக் கடன் இவன் படிப்புக்குத் தேவையில்லை என்றுதான் சொன்னேன். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பொறியியல், நர்சிங் என்று பெரிய கட்டணப் படிப்பு என்றால் நானே கடனைத்தான் சொல்லியிருப்பேன். அங்கே ஒரு அரியர் விழுந்தால் ஆகும் நஷ்டம், கடையில் ஒரு வருடம் நின்று வாங்கும் சம்பளத்தைவிடப் பெரிதாகப் போய்விடும். கேம்பஸ் இன்டர்வியூவில் பல கம்பெனிகள் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை.

இவனுக்கு நான் சொன்னது: முதல் பருவம் எந்த வேலைக்கும் போகாதே. கல்லூரி எப்படி ஓடுகிறது, லேப் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது பிடிபடட்டும். தைக்கு மேல் ஊருக்குள் இரண்டு டியூஷன் பிடி. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வந்தால் மாதம் இரண்டு கேட்டரிங். ஜவுளிக்கடை வேண்டும் என்றால் மே மாத லீவில் முழு நேரமாகப் போ, அப்போது எந்த நோட்டும் பாதியில் நிற்காது. அதுவரை வீட்டில் கை கடித்தால் என்னிடம் கேள், உன் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். சராசரியாக வாரம் பன்னிரண்டு மணியைத் தாண்டினால் எனக்குப் போன் பண்ணு.

பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டான். இரண்டு டியூஷனுக்கு ஒன்பது, மாதம் இரண்டு கேட்டரிங்கை வாரக் கணக்கில் பிரித்தால் ஒரு மூன்று. ஆராய்ச்சி எதுவும் இல்லை, பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் போகிற பையனுக்கு அதற்கு மேல் எங்கே இடம் இருக்கிறது?

எல்லாவற்றுக்கும் "சரி மாமா" என்றான். அக்காவுக்கும் திருப்தி. நேற்று மறுபடியும் போன்.

"மாமா, தீபாவளிக்கு முன்னாடி பத்து நாள் மட்டும் அந்தக் கடையில கூப்பிடுதாங்க. டபுள் சம்பளமாம்."

"இன்டர்னல் என்னைக்குல?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "டைம்டேபிள் இன்னும் போடல மாமா."

"போட்டதும் கூப்பிடு."